அண்ணை, உங்கள் மகன் ஆற்றை நிரவிவிட்டான்

என் உயிரான அண்ணைக்கு,

இந்த மாரிக்கு வழுக்கையாறு என் வீட்டுக்குள் வந்துவிட்டது. குசினியில் முழங்கால் அளவு தண்ணீர். அடுப்பை மேசையில் ஏற்றி வைத்துத்தான் தேத்தண்ணி போட்டேன்.

இந்த ஆற்றைக் காப்பாற்றவென்றே நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தீர்கள். அது போதாதென்று தேர்தலில் நின்று பிரதேச சபைத் தவிசாளர் ஆனீர்கள். வந்ததும் முதலில் இடித்தது யாருடைய மதிலை? புருஷனும் போய், பிள்ளையும் இல்லாத என்னுடையதை. அழுது மறித்தேன்.

"ஆறு உன்ரை வளவுக்குள்ளை வரேல்லைப் பிள்ளை. நீதான் ஆத்துக்குள்ளை போயிருக்கிறாய்" என்றீர்கள், ஊரே பார்த்திருக்க.

தவிசாளர் பதவிக்காலமும் முடிந்ததும் ஆறு ஆறாகப் பார்க்கப் புறப்பட்டீர்கள். மகாவலி முடிந்து காவேரி. திருச்சியிலிருந்து தொலைபேசியில் கதைத்தீர்கள்: "இஞ்சை தண்ணியே இல்லைத் தங்கச்சி. மணலுக்கை பெடியள் பந்தடிக்கிறாங்கள்." அடுத்த நாள் விடுதி அறையில் மாரடைப்பு. பெட்டியில்தான் வீடு வந்தீர்கள்.

கொள்ளி வைக்கக் கனடாவிலிருந்து வந்த உங்கள் மகன், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு உங்கள் ஆற்றங்கரைக் காணியில் லொறி லொறியாகக் கிரவல் மண் கொட்டினான். ஆற்றில் பாதி அதற்குள் போயிற்று. அதன்மேல் கலியாண மண்டபம். அதற்கு உங்கள் பெயர். திறப்பு விழாவில் சபைக்காரர் உங்கள் படத்துக்கு மாலை போட்டார்கள்.

"வெள்ளம் என்ரை வீட்டுக்கை வருமடா" என்றேன்.

"மழைக்கு மட்டும் ஓடுறது மாமி. உந்த வாய்க்காலை ஆறெண்டு சொன்னது அப்பா மட்டும்தான்."

வழக்குப் போட்டேன். சொந்த மருமகனைக் கோட்டுக்கு இழுத்தவள் என்று சனம் என் காதுபடவே கதைக்கிறது. போன கிழமை அவன் தொலைபேசி எடுத்தான்.

"வழக்கைத் திருப்பி எடுங்கோ மாமி. இல்லாட்டி உங்கடை செத்தவீட்டுக்கு வரமாட்டன். கொள்ளி வைக்க வேறை ஆளைப் பாருங்கோ."

நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அண்ணை. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள் இருந்திருந்தால் அவன் மண்டபத்தையும் இடித்திருப்பீர்களா? அல்லது தங்கச்சிக்கு ஒரு நியாயம், மகனுக்கு ஒரு நியாயமா? எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

வழக்கை விடமாட்டேன். ஒவ்வொரு தவணைக்கும் கோட்டுக்குப் போய் நிற்பேன். எரிக்க ஆள் வராவிட்டால் என்ன, அநாதைப் பிணத்தைச் சபை எடுக்கும். அது உங்கள் சபைதானே.

உங்கள் ஒரே தங்கச்சி