ஆமா என்று சொன்னவள்

லாச்சப்பல்
பாரிஸ், 4 மார்ச் 2025

இஞ்சருங்கோ,

கைபேசியை நிறுத்திவிட்டீர்கள். தபாலை நிறுத்த ஏலாது என்பதால் எழுதுகிறேன். செவ்ரானில் உங்கள் அண்ணை வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது, அது தெரியும்.

அழகுநிலையத்துக்கென்று நான் போட்டிருந்த என் படத்தை எவனோ எடுத்து, ஆம்பிளையள் காசு கொடுத்துப் பெண் தேடுகிற இணையப் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டிருக்கிறான். "யாழ்ப்பாணத்துச் சாம்பவி" என்று பெயரும் வைத்துவிட்டான். கீழே, வந்துபோனவர்களாம், தமிழில் நாலைந்து விமர்சனம். நீங்கள் படத்தைப் பார்த்தீர்கள், விமர்சனத்தைப் பார்த்தீர்கள், பையைத் தூக்கினீர்கள். இத்தனை வருசம் என்னோடு குடியிருந்த மனிசனின் விமர்சனம் என்னவென்று உங்களை நீங்களே ஒருதரம் கேட்கவில்லை.

பொலிசில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். கடை திறந்துதான் இருக்கிறது. அந்த விமர்சனங்களை இன்னொருமுறை வாசியுங்கோ. வாய்விட்டு வாசியுங்கோ. அதற்குப் பிறகும் நம்பினால், மிச்ச உடுப்பையும் வந்து எடுங்கோ.

சாம்பவி


செவ்ரான்
9 மார்ச் 2025

என் சாம்பவிக்கு,

வாய்விட்டு வாசிக்கச் சொன்னீர். அண்ணையும் யோகராணி மச்சாளும் இருக்கிற வீட்டில் வாய்விட்டு வாசிக்கிற சாமானா அது? குளியலறைக்குள் நின்று வாசித்தேன்.

"ஆமா, நான்தாங்க சாம்பவி, வாங்க உக்காருங்க" என்று நீர் வரவேற்றதாக ஒருவன் எழுதியிருக்கிறான். அடுத்தவனுக்கும் "ஆமாங்க". அதற்கடுத்தவனுக்கும் அதேதான். முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். அது இந்தியத் தமிழல்லோ, பிறந்ததிலிருந்து நீர் "ஆமா" சொன்னதுண்டா? நகரசபையில் எங்கள் கலியாணப் பதிவில் சம்மதமோ என்று கேட்க, பதட்டத்தில் பிரெஞ்சு "வுய்" மறந்து எங்கட "ஓம்" என்றீரே. பிரெஞ்சுக் காதுக்கு அது "ஆண்" என்கிற சொல்லாக விழ, "மாப்பிள்ளை ஆண் என்பது தெரிகிறது, சம்மதமா?" என்று பதிவு செய்த அம்மையார் திருப்பிக் கேட்டா. மண்டபமே சிரித்தது.

எழுதியது எல்லாம் ஒரே ஆள்தான். உம்மோடு ஒரு சொல் கதைத்திராத ஆள். அதை எனக்கு விளக்காமல், நானே கண்டுபிடிக்க விட்டீரே, அந்தக் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல.

நேற்று கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, உம்முடைய கடை இருக்கிற ரூ பிலிப்-து-ஜிரார் வரை நடந்து வந்தேன். சனம் காதோடு காது கதைக்கிற அந்தத் தெருவில், நீர் கதவை அகலத் திறந்து வைத்து ஒரு மணப்பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தீர். நான் எதிர்ப்பக்கத்தில் மழைக்குள் நின்று பார்த்தேன். உமக்கிருக்கிற நெஞ்சுரம் என் பரம்பரையிலேயே ஒருவருக்கும் இல்லை, சாம்பவி. உள்ளே வர முகமில்லாமல் திரும்பிவிட்டேன்.

இனி வரலாமோ?

கரிகாலன்


லாச்சப்பல்
12 மார்ச் 2025

இஞ்சருங்கோ,

கண்ணாடியில் உங்களைக் கண்டேன். குடையை வீட்டில் விட்டுப் போனதால் நன்றாக நனைந்திருந்தீர்கள். தலையைத் துவட்டினீர்களோ தெரியாது.

என்னைப் புகழ்ந்து எழுதியிருந்தது பிடித்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், இரண்டுதரம் வாசித்தேன். நகரசபைக் கதைக்குச் சிரித்தும்விட்டேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அதை எழுதியவன் எங்கட ஊர்க்காரனாக இருந்து, "ஓம், நான்தான் சாம்பவி, வாங்கோ, இருங்கோ" என்று பிழையில்லாமல் எழுதியிருந்தால்?

அதற்குப் பதிலைத் தபாலில் போடாதீங்கோ. பதில் இருந்தால் வாங்கோ.

சாம்பவி