சிவப்பு எண்டா கரண்ட்

3 நவம்பர் 2025, திங்கள்

ஆதிரைக்கு மேல் பல் வருகிறது. பகல் முழுக்கச் சிணுங்கிவிட்டு இப்போதுதான் உறங்கினாள். தாரகனும் படுத்துவிட்டார், நாலரைக்கு எழும்ப வேண்டும். சமையலறை மேசையில் நான் மட்டும்.

பயம் வரும்போது எழுதுங்கள் என்று டொக்டர் சொன்னார். தாளில் வைத்துப் பார்த்தால் சின்னதாகத் தெரியுமாம். சரி, எழுதுகிறேன். இன்றைய பயம் கீழே கெல்லரில், வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறையில், இருக்கிற பெட்டி.

ஆறு மாதமாக இவருக்கு பியர் காய்ச்சும் பைத்தியம். இவருடைய தொழிற்சாலையில் மின்சார வேலை பார்க்கும் டெட்லெஃப் பழக்கிவிட்டார். முதலில் என் பெரிய சோற்றுப் பானையில் அடுப்பில் காய்ச்சினார், வீடெல்லாம் மாட்டுத் தீவன மணம். இப்போது ஐம்பது லீற்றர் பானை. அதற்குள் ஒரு ஹீற்றர், தண்ணீரைச் சுற்றி ஓட்ட ஒரு பம்ப். இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நின்று ஆட்டுவிக்க ஒரு பெட்டி. இரும்புப் பெட்டி, மூன்று சுவிச், வெப்பம் காட்டுகிற இரண்டு சின்ன முகப்பு. மூன்று வாரமாக அதைத்தான் செய்கிறார். உள்ளே வயர்களைச் சீப்பால் வாரிக் கட்டினதுபோல் வைத்திருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது.

சுவரிலிருந்து கரண்ட் எடுத்து இணைப்பது மட்டும் மிச்சம். தான் வந்து செய்துதருகிறேன், அதுவரை தொடாதே என்று டெட்லெஃப் சொன்னாராம். அவர் முதுகு வருத்தத்துக்கு மூன்று கிழமை கூர் என்று சிகிச்சை விடுதிக்குப் போயிருக்கிறார். இவருக்குப் பொறுமை இல்லை.

வீடு 1954இல் கட்டினது. மேலே வயர் எல்லாம் புதிது. கெல்லருக்கு மட்டும் பழசு: பீங்கான் ஃபியூஸ், ட்ரிப் சுவிச் கிடையாது. வீடு வாங்கும்போது யாரும் இதைப் பற்றி யோசிக்கவில்லை. அப்போது பிள்ளை இல்லை.

எழுதி முடித்துவிட்டேன். சின்னதாகத் தெரியவில்லை.

6 நவம்பர், வியாழன்

பிள்ளையைக் குளிக்க வார்க்க முதல் தண்ணீருக்குள் முழங்கையை வைத்தேன். சூடு பார்க்கத்தான் என்று எழுத வந்தேன். பொய். கரண்ட் இருக்கிறதா என்று பார்த்தேன்.

9 நவம்பர், ஞாயிறு

இன்று இணைத்தாயிற்று.

சூசைதாசன் அண்ணை வந்தார். ஊரில் குருநகரில் வயரிங் செய்தவர், இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறார். பீலெஃபெல்டில் எந்தத் தமிழ் வீட்டில் லைற் எரியவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காசு வாங்கமாட்டார், மீன் குழம்பு வைத்தால் போதும். வைத்தேன்.

ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்று பார்த்தேன். ஃபியூஸைக் கழற்றிவிட்டு, சுவரில் இருந்த பழைய மூடியைத் திறந்தார். மூன்று வயர் வெளியே வந்தன. சிவப்பு, கறுப்பு, சாம்பல்.

"இஞ்சத்தையான் எல்லாம் மண்ணிறம், நீலம் எண்டு ஒரே குழப்பம்" என்றார். "இது பார், எங்கட ஊர் மாதிரி. சிவப்பு எண்டா கரண்ட். கறுப்பு நியூட்ரல். மிஞ்சினது எர்த். சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

ஒருக்கால் ரெஸ்டர் வைத்துப் பாருங்கோ அண்ணை என்றேன். ஃபியூஸ் கழற்றியிருக்கேக்கை ரெஸ்டரில் என்னத்தைப் பார்க்கிறது என்று சிரித்தார். தாரகனும் சிரித்தார். பூட்டின பிறகாவது பார்க்கச் சொல்லியிருக்கலாம். சிரித்ததும் என் வாய் மூடிக்கொண்டது.

ஃபியூஸைத் திருப்பிப் போட்டார்கள். முகப்பில் எண்கள் எரிந்தன, பம்ப் உறுமியது, இருபது நிமிடத்தில் தண்ணீரில் ஆவி. "ஊரில கசிப்புச் சாராயம் காய்ச்சினவன் எல்லாம் பத்தைக்குள்ள ஒளிச்சிருந்தான். உன்ர மனுசன் பார், விமானி மாதிரி சுவிச் போட்டுக் காய்ச்சுறான்" என்றார் என்னிடம். நானும் சிரித்தேன். வேலை செய்கிறதுதானே. பிழையாக இருந்தால் வேலை செய்யுமா?

11 நவம்பர், செவ்வாய்

டொக்டரிடம் போனேன். பிள்ளை பிறந்த பிறகு வருகிற பதற்றம் சிலருக்கு நீண்டுவிடும் என்றார். ஒரு நாளில் எத்தனை தடவை கெல்லருக்கு இறங்கிப் போய்ப் பார்க்கிறீர்கள்? நாலு என்றேன். ஒன்பது.

பெட்டி அணைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். விளக்கு எரியாது. அணைந்திருக்கிறது என்று எனக்கே சத்தமாகச் சொல்லிவிட்டு மேலே வருவேன். பாதிப் படியில் திரும்பவும் சந்தேகம்.

வரும் வழியில், லாந்தர்த் திருநாள் என்று, தெருப் பிள்ளைகள் கையில் லாந்தரோடு பாடிக்கொண்டு போனார்கள். ஆதிரை கை நீட்டினாள். ஒரு பிள்ளையின் லாந்தருக்குள் உண்மையான மெழுகுவர்த்தி. அந்தப் பிள்ளையின் தாய் போனில் கதைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு எப்படி ஏலுது?

13 நவம்பர், வியாழன்

பிள்ளை எழும்ப முதல் எழுதிவிடுகிறேன்.

ஆதிரை மத்தியானம் உறங்கினபோது தாரகனின் ரெஸ்டரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். முனையைத் தொட்டால் பிடியில் சின்ன விளக்கு எரியுமே, அந்த ஸ்குரூட்ரைவர். பெட்டி அணைந்திருந்தது. எல்லாச் சுவிச்சும் கீழே. மூடியைத் திறந்து ஹீற்றருக்குப் போகிற வயரில் வைத்தேன். இன்றோடு இந்த விசர் முடியட்டும் என்றுதான் வைத்தேன்.

எரிந்தது.

மூன்று தரம் வைத்தேன். மூன்று தரமும் எரிந்தது. சுவிச் எல்லாம் கீழேதான். கண்ணால் பார்த்தேன், விரலால் தொட்டுப் பார்த்தேன். அணைச்சுக் கிடக்கிற பெட்டிக்குள்ள எப்பிடிக் கரண்ட்? நான் பாக்கிறது உண்மையோ? என்ர கண்ணை நான் நம்பலாமோ?

14 நவம்பர், வெள்ளி

சொன்னேன். தாரகன் பொறுமையாகத்தான் கேட்டார். முதலில் நான் மூடியைத் திறந்ததற்கு ஏச்சு. பிறகு சூசைதாசன் அண்ணைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டார். "மலிஞ்ச ரெஸ்டர் சும்மாவும் மினுங்கும் தங்கச்சி. கெல்லர் ஈரம்தானே" என்றார் அண்ணை. குரலில் கோபம் இல்லை. ஆதிரைக்குப் பல் வந்துவிட்டதா என்று கேட்டார்.

சும்மா மினுங்குமாம். இருக்கலாம். போனை வைத்த பிறகு தாரகன் என் தலையைத் தடவி, நாளைக்கு முதல் பியர் காய்ச்சுகிறேன், நீர் ஒரு நாள் கீழே வராமல் இரும், பிள்ளையோடு எங்கேயாவது போய்வாரும் என்றார்.

நான் எரிந்ததென்று சொன்னேன். மினுங்கினதென்று சொல்லவில்லை.

15 நவம்பர், சனி

காலையில் அவர் தானியம் அரைத்துக்கொண்டிருந்தபோது ஃபியூஸைக் கழற்றி ஆதிரையின் பம்பர்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டேன். ஒன்றரை மணித்தியாலம் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்றேன். மழைத் தூறல். வேறு யாரும் இல்லை.

திரும்பி வந்தால் அவர் படியில் இருந்தார். ஹீற்றருக்குப் போகிற வயர் ஒன்று தளர்ந்துவிட்டதாம், பெட்டியின் சுவிச்சை அணைத்துவிட்டு, கையை உள்ளே விட்டு இறுக்கினாராம். மூடிவிட்டுப் போட்டால் ஒன்றும் எரியவில்லை. ஒரு மணித்தியாலம் எங்கே பிழை என்று தேடியிருக்கிறார். கடைசியில் ஃபியூஸ் இருந்த இடத்தில் ஓட்டை.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ஆரணி, உனக்கு உண்மையிலயே வருத்தம். நான் ஆரிட்டச் சொல்லுவன்?"

எப்போதும் நீர் என்றுதான் சொல்லுவார். இன்று நீ. பையிலிருந்து ஃபியூஸை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தார். ஊறின தானியத்தை வாளியோடு கொண்டுபோய் வெளியே கொட்டினார்.

16 நவம்பர், ஞாயிறு

தேடுவது என்றால் இனிக் கடைசித் தரம் என்று சொல்லிக்கொண்டுதான் தேடினேன். இதுவரை தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடியிருக்கிறேன். இன்று இந்த நாட்டு மொழியில், டொச்சில், பழைய வீடு, சிவப்பு வயர் என்று போட்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி வரை இந்த நாட்டில் சிவப்பு எர்த். கறுப்புத்தான் கரண்ட். சாம்பல் நியூட்ரல்.

நாலு இடத்தில் வாசித்தேன், நாலிலும் அதுதான். ஊரில் கரண்டுக்கு வைத்த நிறம் இங்கே எர்த்துக்கு. பெட்டியில் இருக்கிற சுவிச் எல்லாம் எர்த் வயரைத்தான் அறுத்துக்கொண்டிருந்திருக்கின்றன. கரண்ட் மற்றப் பக்கத்தால் வந்து ஹீற்றரில் நின்றுகொண்டே இருந்திருக்கிறது, போட்டாலும் அணைத்தாலும்.

தாரகனிடம் போனை நீட்டினேன். வாசித்தார். முகம் மாறவில்லை. டெட்லெஃப் வெள்ளிக்கிழமை வந்துவிட்டார், கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். ஃபியூஸ் மேசையிலேயே இருக்கிறது. அவர் அதைத் திருப்பிப் போடவில்லை.

18 நவம்பர், செவ்வாய்

வேலை முடிந்து டெட்லெஃப் இவரோடு வந்தார். மீற்றர் ஒன்றை வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தார். பிறகு யார் இணைத்தது என்று கேட்டார். தாரகன், நான்தான் என்றார். அண்ணையின் பெயரைச் சொல்லவில்லை.

இணைத்த பிறகு பெட்டியைத் திறந்து உள்ளே கை வைத்தாயா?

சனிக்கிழமை, ஆனால் சுவிச்சை அணைத்துவிட்டுத்தான்.

டெட்லெஃப் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கை இரும்புப் பெட்டியில், மற்றக் கை அந்த வயரில், எங்கே வைத்தாய் காட்டு என்றார். தாரகன் காட்டினார். அப்படியானால் நீ எப்படி இங்கே நிற்கிறாய்?

ஃபியூஸ் இருக்கவில்லை என்றார் தாரகன். மனைவி கழற்றியிருந்தா.

பிறகு டெட்லெஃப் நிறையக் கதைத்தார், ட்ரிப் சுவிச் போட வேண்டும், சுவரில் வயரே மாற்ற வேண்டும், ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டு முறைப்படி செய். நான் பாதிதான் கேட்டேன். தாரகன் காட்டின அந்த இரண்டு கைகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாளுக்கு முதல் நான் அந்த ரெஸ்டரை வைத்த இடம்.

அவர் போன பிறகு தாரகன் படியிலேயே இருந்தார். நான் ஆதிரைக்குச் சோறு குழைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தால் வந்து பக்கத்தில் நின்று, "நான் சாப்பாடு குடுக்கட்டே, நீர் இரும்" என்றார். கரண்டியைக் கொடுத்தேன்.

20 நவம்பர், வியாழன்

நான் சொன்னது சரி. இரண்டு நாளாக எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நித்திரை முன்னைவிடக் குறைவு.

முன்பு ஒரு வசதி இருந்தது. பயம் வந்தால், இது வருத்தம், உண்மை இல்லை, டொக்டரே சொன்னவர் என்று சொல்லிக்கொள்ளலாம். அரைவாசி நேரமாவது அது வேலை செய்யும். இப்ப அதுவும் போயிட்டுது. ஜன்னல் பிடி, தொட்டில் ஆணி, மருந்துப் போத்தல் மூடி, இதில எது கறுப்பு வயர்? ஒன்று உண்மை என்றால் மற்றதெல்லாம் பொய் என்று எனக்கு ஆர் சொல்லுறது?

சூசைதாசன் அண்ணைக்கு இன்னும் சொல்லவில்லை. நீர் சொல்லும், எனக்கு ஏலாது என்கிறார் தாரகன்.

21 நவம்பர், வெள்ளி

சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். இங்கே பழைய வீட்டில் நிறம் வேறயாம் அண்ணை, எங்களுக்குத் தெரியவில்லை என்று "எங்களுக்கு" போட்டுச் சொன்னேன்.

மறுமுனையில் இயந்திரச் சத்தம். இடைவேளையில் எடுத்திருக்கிறார். பிறகு, "சிவப்பு எண்டாக் கரண்ட்தானே, தங்கச்சி" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார். இல்லை அண்ணை, இங்கே இல்லை.

அவர் வாய்க்குள் ஏதோ எண்ணுவது கேட்டது. பெயர்கள். வீடுகள்.

"இன்னும் நாலு பழைய வீடு செய்தனான்" என்றார்.

29 நவம்பர், சனி

இன்று முதல் முறையாக ஆதிரையை மூன்று மணித்தியாலம் விட்டுவிட்டு வெளியே போனேன். அந்த நாலு வீட்டையும் பார்க்கப் போகிறேன், டொச்சில் ஏதும் எழுதியிருந்தால் வாசிக்க வேணும், நீரும் வாரும் என்று சூசைதாசன் அண்ணை கேட்டார். வாசிக்க ஒன்றும் இருக்காதென்று இரண்டு பேருக்கும் தெரியும். தனியே போய் அந்த வாசல்களில் நிற்க அவருக்குப் பயம். காரில் ஒரு பகிடியும் விடவில்லை.

முதல் வீட்டில் பிழை இல்லை, வயர் எல்லாம் மாற்றிவிட்டிருந்தார்கள். அண்ணை வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார்.

இரண்டாவது, பிராக்வேடவில் சந்திரா அக்கா வீடு. ஒண்டிக் கிழவி... இல்லை, அப்படி எழுதக்கூடாது, ஐம்பத்தெட்டு வயதுதான், தனியே இருக்கிறார். உடுப்புக் கழுவுகிற அறையில் அண்ணை இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு லைற்றும் சுவிச்சும் பூட்டிக் கொடுத்தவர். வந்த காரணத்தைச் சொல்லச் சொல்லி அண்ணை என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அக்கா தேத்தண்ணி போட எழும்பினார், குடிச்சிட்டுப் பாப்பம் என்றார். பார்த்துவிட்டுக் குடிப்பம் அக்கா என்றேன்.

மூடிக்குப் பின்னால் சிவப்பு, கறுப்பு, சாம்பல். லைற்றை அணைத்துவிட்டு அண்ணை மீற்றரை வைத்தார். அணைத்த பிறகும் 230 வோல்ட். அங்கே இருந்த உடுப்புக் கூடையின் மேலேயே இருந்துவிட்டார்.

"அப்ப அதுதானோ" என்றார் சந்திரா அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். "பல்ப் மாத்தேக்கை ரெண்டு தரம் கரண்ட் இழுத்தது. ஓஃப் பண்ணிப்போட்டுத்தான் மாத்தினனான். ரெண்டாந்தரம் விழுந்துபோனன். கை ஈரமாக்கும் எண்டு நினைச்சன்."

எப்போது என்று கேட்டேன். போன மாரிக்கு.

ஏன் சந்திரா என்னட்டைச் சொல்லேல்லை என்றார் அண்ணை. அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"சொன்னா, இவளுக்கு எல்லாத்துக்கும் பயம் எண்டு சிரிப்பியள்."

நான் பக்கத்தில் போய் எந்தக் கை அக்கா என்று கேட்டேன். வலது கையை நீட்டினார். எந்த விரல் என்று கேட்டேன். காட்டினார்.