பாதிப் புத்தகத்தில் அப்பா எழுதிய சீட்டு

என் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கால் வீக்கம்கூட வடிந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். உங்கள் பக்கம் குளிர் கடுமை என்று செய்தியில் காட்டினார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மூன்று வாரமாக நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கடைசியாகப் பேசியபோது, அப்பா போன அஞ்சாம் நாளே கடையத் திறந்துட்டியே, உனக்கு மனசே இல்லையாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் என்ன, எதுவுமே வரவில்லை. எழுகிறேன், குளிக்கிறேன், கடைக்குப் போகிறேன், கீலும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுக்கிறேன், சாப்பிட்டேனா என்று யாராவது கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பல்லில் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் யாருடையதோ போல, அப்படி இருக்கிறது.

கடைக்கு மேல்தட்டு புதிதாக அடித்தாயிற்று, தண்ணீர்த் தொட்டி ஒழுகியதைச் சரி செய்தேன். சொல்ல வந்தது வேறு. அப்பா போய்க்கொண்டிருந்த நூலகத்து வாசகர் வட்டம் உனக்கு நினைவிருக்கும், ஏழு பேர், ஒரே புத்தகத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பார்கள். ஸ்காட்லாந்தில் நடக்கிற துப்பறியும் கதை வரிசை ஒன்று தமிழில் வருகிறதே, மழையில் நனைந்துகொண்டே திரிகிற இன்ஸ்பெக்டர், அதில் ஏழாவது புத்தகம் அப்பா கையில் இருந்தது. அவர்கள் வழக்கம் என்னவென்றால், பாதிப் பக்கம் வந்ததும் நிறுத்தி, கொலைகாரன் யார் என்று ஒரு சீட்டில் எழுதி, பின்னட்டையில் ஒட்டியிருக்கும் உறையில் போட்டுவிட வேண்டும். பிறகு மீதியைப் படித்து, கடைசியில் இருக்கும் நீளத் தாளில் அபிப்பிராயம் எழுத வேண்டும். எல்லோரும் முடித்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். அப்பா பாதி படித்து, சீட்டைப் போட்டு, இரண்டாம் நாள் போய்விட்டார். அவர்தான் கடைசி ஆள். மரியாதைக்காக நான்கு மாதம் யாரும் புத்தகத்தைக் கேட்கவில்லை, போன வாரம் நூலகர் அம்மா கடைக்கு வந்து, ஒரு குண்டூசிப் பெட்டி வாங்கிவிட்டு, அதைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் இடத்துல நானே படிச்சு முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் கதைப் புத்தகம் படித்து நீ பார்த்திருக்க மாட்டாய்.

கல்லாவில் உட்கார்ந்து பகலில்தான் படித்தேன். ஆணிப் பெட்டி வந்தால் நான் மேலாகப் பார்க்க மாட்டேன், அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுப்பேன், துரு பிடித்தது அங்கேதான் கிடக்கும். அதே பழக்கத்தில் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்தேன். அப்புறம் மற்றவர்கள் எழுதிய அபிப்பிராயத்தைப் படித்தேன், அப்புறம்தான் கதை, பாதியில் வழக்கப்படி நானும் ஒரு சீட்டு எழுதி உறையில் போட்டேன். பல் டாக்டர் எழுதியிருந்தார், முந்தைய ஆறு புத்தகத்தில் இன்ஸ்பெக்டர் இவ்வளவு மந்தமாக இருந்ததில்லை, இருநூறாம் பக்கத்தில்தான் ஆளுக்குத் தூக்கம் கலைகிறது என்று. தையல்காரி எழுதியிருந்தாள், பக்கத்துக்குப் பக்கம் மழை, படித்து முடிக்கும்போது கொடியில் துணி கிடக்கிறதே என்று ஓடிப்போய்ப் பார்த்தேன் என்று. நூலகர் அம்மாவுக்குத் துறைமுகம் பிடித்திருந்தது. ஆனால் முக்கால்வாசிப் பேர் குறை சொன்னது கதையில் வரும் ஒரு கடைக்காரியைத்தான். படகுக்குக் கயிறும் பெயிண்டும் விற்பவள். புருஷனைக் கடலில் இருந்து எடுத்த மறுநாளே கடையைத் திறந்து உட்காருகிறாள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இப்படி ஒரு பெண் இருக்க முடியாது, ஆசிரியருக்குப் பெண்களைத் தெரியவில்லை என்று ஒருவர். கல் என்று ஒருவர். இவள்தான் கொன்றவள் என்று நம்பி ஏமாந்தேன் என்று தையல்காரி. வரிசையாகப் படித்தபோது உன் குரலில் கேட்ட மாதிரி இருந்தது.

நான் எழுதியது நாலே வரி. நைலான் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டுவதாக எழுதியிருப்பது தப்பு, சூடு காட்டிய கத்தியால் அறுக்க வேண்டும், இல்லையென்றால் முனை பிரிந்துவிடும். மற்றபடி அந்தப் பெண் செய்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. அவளுக்குக் கை பழகிய இடம் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மதியம் கூடினார்கள், நானும் போனேன். உறையைப் பிரித்தால் பல் டாக்டரைத் தவிர எல்லோரும் கடைக்காரி பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். என் சீட்டு மட்டும் சரி, சாவுச் சான்று கொடுத்த வைத்தியர்தான் ஆள். கை தட்டினார்கள். கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். பல் டாக்டர், துப்புத் துலக்கச் சொன்னா நீங்க நேரா கொலைகாரன் வீட்டுக்கே போய்க் கேட்டுட்டு வந்துட்டீங்களேம்மா என்றார், ஒரே சிரிப்பு. மிச்சம் இருந்தது அப்பாவின் சீட்டு. நூலகர் அம்மா பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். நானே படித்தேன். அதை உனக்காக அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

“கொலை செய்தது படகுக்காரன். நீங்கள் எல்லோரும் கடைக்காரியைச் சொல்வீர்கள். அவள் இல்லை. நான் முப்பத்திரண்டு வருஷமாக அந்த ரகத்தோடு குடித்தனம் செய்கிறேன். என் மாமியார் இறந்தபோது என் வீட்டுக்காரி எட்டு மாதம் அழவில்லை. பிறகு ஒரு நாள் கீல் எண்ணிக்கொண்டே கடைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், நான்தான் தூக்கினேன். இவர்களுக்குச் சரக்கு தாமதமாகத்தான் வந்து இறங்கும்.”

படகுக்காரன் இல்லை, வழக்கம்போல அப்பாவுக்குத் தப்பு, ஏழு புத்தகத்தில் ஏழும் தப்பு. நான் உட்கார்ந்தது உண்மை. நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், உன்னிடம் சொல்லவில்லை. தையல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கதையில வர்றவளத்தான் சொன்னேங்க்கா என்றாள். தெரியும்டி, உனக்குத் தோணினத நீ எழுதின, அதுக்கென்ன என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. சீட்டு அவர்களுடையது, திரும்ப உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு நாலு மணிக்குக் கடையைத் திறந்தேன்.

உன்னிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எட்டு மாதம் என்று அவர் எழுதியிருக்கிறார், இப்போது நாலு ஆகிறது. எப்போது வரும், எங்கே நிற்கும்போது வரும் என்று தெரியவில்லை. கொஞ்சம் பயமாக இருக்கிறது, போன தடவை தூக்குவதற்கு ஆள் இருந்தார். நீ வந்து காவல் இருக்க வேண்டாம், உனக்கும் லீவு கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை பகலில் கூப்பிடுகிறேன், எடு. திட்டுவதாக இருந்தாலும் எடுத்துத் திட்டு.

மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே, மெத்தையை மாற்றச் சொல். இரண்டு பேரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். வாசல் கதவுக்கு நான் அனுப்பிய இரட்டைத் தாழ்ப்பாளை இன்னும் மாட்டவில்லை என்று நினைக்கிறேன், இந்த வாரமே மாட்டிவிடு.

உன்
அம்மா