எட்டு மணி மாத்திரை

பிற்பகல் மூன்று மணி பதினேழு நிமிடம். நான் வேலை பார்க்கும் துணை மின்நிலையத்தில் ஊர் ஃபோன் அடித்தது, இலாகா லைன் அல்ல. உன்னைத் தங்கச்சி என்றே கூப்பிடும் நம் பக்கத்து வீட்டுத் தோல் வியாபாரி பாய்தான். "தம்பி, கெளம்பி வாங்க. தங்கச்சி போயிருச்சு." லாக் ஷீட்டில் மூன்று மணி ரீடிங்குக்குக் கீழே அந்த நேரத்தை எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் எழுதினேன் என்று இன்னும் தெரியவில்லை.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இன்று காலை அலமாரியில் சட்டை எடுக்கும்போது உன் மாத்திரை டப்பா உருண்டு விழுந்தது. மூடியில் நீ பூசிய மஞ்சள் இன்னும் போகவில்லை. அதைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது.

சிறுநீரகம் கெட்டு உன் உடம்பு ஊதியபோது மதுரை டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? "ஒடம்பு தன்னத்தானே அடிச்சுக்குது. இந்த மாத்திர அத அடக்கும். வேற நோய எதுக்குற சக்தியையும் சேத்து அடக்கிரும். அம்மை, காய்ச்சல் உள்ள வீட்டுப் பக்கம் போகாதீங்க. நல்லா இருக்கேன்னு நீங்களா நிறுத்துனா உசுருக்கே ஆபத்து." எனக்கு உடனே புரிந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் லைனை அறுக்கும் ரிலேயை மந்தமாக்கி வைப்பது போலத்தான்.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்குப் பாய் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கத்துவார். "தங்கச்சி! சாப்பிட்டு மாத்திர முழுங்கியாச்சான்னு கேக்குறாரு!" நீ அடுப்படியிலிருந்தே, "ஆச்சு!" என்பாய். பாய் என்னிடம், "தோல் வாங்க வாரவன்கூட இப்ப மாத்திரையத்தான் தம்பி மொதல்ல விசாரிக்கிறான்" என்பார்.

பிறகு தெருக்கோடி வீட்டில் அம்மை போட்டது. சேவுகம்பட்டியிலிருந்து வந்திருந்த உன் அம்மா, நம் வாசலிலும் வேப்பிலை கட்டி, தாளிப்பை நிறுத்தி, டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டார். "ஆத்தா தெருவுக்குள்ள வந்திருக்கா. இங்கிலீசு மருந்து ஆகாது." அம்மாவை மீற முடியாமல் இரண்டு நாள் பாயிடம் பொய்யாக "ஆச்சு" என்றாய். மூன்றாம் நாள் காலையில் குழாயடியில் சுருண்டு விழுந்தாய்.

விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து விழுங்கப் போனவளைத் தடுத்து மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் உன்னை மீட்டார். ஆனால் வீட்டில் அத்தை மாத்திரைக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அப்போதுதான் நீ டப்பா மூடியில் மஞ்சள் பூசி, மாரியம்மன் படத்தடியில் வைத்து, "ஆத்தாகிட்டயே பூக்கட்டிக் கேட்டுருவோம்மா. வெள்ளப் பூ வந்தா மாத்திர, செவப்பு வந்தா வேணாம்" என்றாய். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை அத்தையே எடுத்தார். வெள்ளைப் பூ.

அதற்குப் பிறகு எனக்கு முன்னால் அத்தைதான். "ஏத்தா, எட்டு மணி ஆச்சு. ஆத்தா உத்தரவு, முழுங்கு!"

தனியாக இருக்கும்போது என் காதில் சொன்னாய். "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளப் பூத்தான் வச்சேன். ஆத்தா கோவிச்சுக்குவாளாங்க?"

கோபித்துக்கொள்ளவில்லை. மூன்று வருடம் கொடுத்தாள். தோல் சீவிய ஆயக்குடிக் கொய்யாவைத் தின்றுகொண்டே, கண்ணாடியைப் பார்த்து, "மாத்திரையில மொகம் பணியாரமாட்டம் ஆயிருச்சு" என்று நீ சிரித்த மூன்று வருடம். கடைசிக் காய்ச்சலுக்கு நான்கே நாள்தான் வேண்டியிருந்தது. அந்த நான்கு நாளிலும் நீ மாத்திரையை விடவில்லை.

இப்போது தினமும் எட்டு மணிக்குப் பாய்தான் எனக்கு ஃபோன் செய்கிறார். "தம்பி, சாப்டீங்களா?" "ஆச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் ஃபோனை வைப்பார்.

இன்று அவர் கேட்கும் முன்பே காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டேன். டப்பா சட்டைப் பையில் இருக்கிறது. எட்டடிக்க ஒரு நிமிடம். அவசரத்துக்கு இலாகா லைன் இருக்கிறது. இதை உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது: ஆச்சு. பாயின் அழைப்பு வராதபடி ஊர் ஃபோனின் ரிசீவரை எடுத்து மேஜைமேல் படுக்க வைத்துவிட்டேன்.