ரெஸ்ட் கேட்ட மெஷின்

கெட்டுப்போன பெட்ரோல் எப்படி நாறும் என்று உனக்குத் தெரிந்திருக்காது. பெட்ரோல் கெட்டுப்போகிற அளவுக்கு உன் மெஷினை நீ ஒருநாளும் சும்மா விட்டதில்லை. நான் சொல்கிறேன். பழைய வார்னிஷ் டப்பாவில் புளித்த கஞ்சியை ஊற்றி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. போன வாரம் உன் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் தார்ப்பாயை விலக்கி, புல் வெட்டும் மெஷினின் டேங்க் மூடியைத் திருகினேன். குப்பென்று அந்த நாற்றம். உள்ளே டீ டிகாஷன் நிறத்தில் பெட்ரோல். மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "இன்னாடா டிப்ளமா, மூக்க மூடிக்குனா ரிப்பேரு ஆயிடுமா?" என்று நீ பின்னால் நின்று கேட்பது போல இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். ரிப்பேர் ஆகிவிட்டது. ஆனால் எப்படி ஆனது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அது உன்னோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

மலர் போன் செய்திருந்தாள். உன் மனைவி எதையும் சுற்றிவளைத்துக் கேட்கமாட்டாள். "அண்ணா, லேஅவுட்டு பார்க்குல புல்லு வெட்டிக்குனு இருந்த ஆளு நின்னுட்டாரு. நான் வெட்டறேன்னு செக்ரட்டரி சார் கிட்ட கேட்டேன். மொதல்ல ஞாயித்துக்கெழம மெஷின ஓட்டிக் காட்டு, அப்பறம் பாக்கலாம்னாரு. வந்து பாக்கறீங்களா?"

நீ போன பிறகு அவள் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். விடிவதற்குள் வேன் வந்துவிடும். பாப்பாவைத் தூக்கக் கலக்கத்தோடு பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டுப் போக வேண்டும். "வேன் கெளம்பறப்ப எழுந்து வந்து ஜன்னல்ல நிக்குதுண்ணா. அழுதாகூட பரவால்ல, சும்மா நிக்குது" என்றாள். பார்க் வேலையும், அதை ஒட்டியிருக்கிற பெரிய வீடுகளின் புல்தரையும் கிடைத்தால் அந்த வேன் வேண்டியதில்லை. நீ செய்துகொண்டிருந்த அதே வேலைதான். எல்லாம் அந்த மெஷின் ஓடுவதில் இருந்தது.

சனிக்கிழமை காலையில் கரிக்கலாம்பாக்கத்துக்கு வந்து இறங்கினேன். ஸ்பேனர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே ஒரு விஷயம் இடித்தது. மெஷின் தார்ப்பாய்க்குள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. டேங்கில் பாதிக்கு மேல் ஆவியாகிப் போயிருக்க வேண்டும். ஆனால் பெட்ரோல் கழுத்து வரைக்கும் நின்றது. ஏன் என்று அப்போதே யோசித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. கீழே ஒரு டப்பாவை வைத்து அத்தனையையும் வடித்துவிட்டேன்.

துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். மலர் குறுக்கே கையை நீட்டினாள்.

"எல்லாத்தையும் தொடைங்க. மூடி மேல இருக்கற பொட்ட மட்டும் தொடைக்காதீங்கண்ணா."

டேங்க் மூடியில், நட்டநடுவில், நீ வைத்த சந்தனப் பொட்டு. மேலே குங்குமம். அரை ரூபாய்க் காசு அளவில், உன் கட்டைவிரல் ரேகையோடு அப்படியே இருந்தது. நான் அதைச் சுற்றித் துடைத்தேன்.

அந்த ஆயுத பூஜைக்கு நானும் இருந்தேனே. நீ ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் பாப்பாவின் ஸ்கூல் பசை பாட்டில்.

"இன்னாடா பண்ற?"

"போன வருஷம் வெச்ச பொட்டு மறுநாளே கொட்டிப்போச்சிடா. இது ஆடுற ஆட்டத்துக்கு வெறும் சந்தனம் நிக்காது. அதான் கொஞ்சம் பசை."

"மெஷினுக்கு நெத்தி எது?"

நீ அதைச் சுற்றி வந்து ஒரு தரம் பார்த்தாய். "இதான்" என்று டேங்க் மூடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாய். பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி கொஞ்சம் தள்ளி நின்று அழகு வேறு பார்த்தாய்.

உனக்கு அந்த மெஷின் மேல் ஒரு பைத்தியம். கடலோரத்தில் ஒரு ரிசார்ட்டை மூடியபோது அதை வாங்கினாய். கடலூர் ரோட்டில் நீ வண்டி ஓட்ட, நான் பின்னால் திரும்பி உட்கார்ந்து மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். வழியில் மறித்த போலீஸ்காரர், "இன்னாய்யா இது?" என்றார். "ஆடு சார். புல்லு மட்டும் திங்கும், புழுக்க போடாது" என்றாய். அவர் சிரித்துவிட்டார், நாம் தப்பித்தோம். ஊரில் உன்னைக் கேலி செய்யாதவர்கள் யார்? கைக்குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான் என்றார்கள். நீயே ஒருநாள் பார்க் நடுவில் நின்று சொன்னாய்: "எங்கப்பா இதே எடத்துல நெல்லு அறுத்தாரு. நான் புல்லு அறுக்கறேன். பயிரு மாறிச்சி, அவ்ளோதான்." உன் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அன்றைக்கு வெட்டிய புல் நேராக இருக்கிறதா என்பதுதான் உன் கவலை.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். இந்த மாதிரி எஞ்சின் ஓட மூன்று வேண்டும். பெட்ரோல், நெருப்பு, காற்று. புதுப் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். ஒன்றுமில்லை. தோள் கழன்றுபோகிற வரைக்கும் இழுத்தேன். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. தேய்த்து, மெஷின் உடம்பில் வைத்து இழுத்துப் பார்த்தேன். நீலமாகப் பொறி வந்தது. நெருப்பு இருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றினேன். அடிக்கிண்ணத்தில் பழைய பெட்ரோல் பிசினாகி, பச்சைப் பாசி மாதிரி அப்பிக்கிடந்தது. ஊசி முனை அளவு துவாரம் ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும். அது சுத்தமாக அடைத்திருந்தது. வயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி அதைக் குத்தித் திறந்தேன். ஏர் பில்டர் கையில் எடுத்ததும் ரொட்டித் தூள் மாதிரி உதிர்ந்தது. சைலன்ஸருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுத்தேன்.

"அண்ணா, பாவம், அது வூடு" என்றாள் மலர்.

"வாடகை குடுக்கல, காலி பண்ணிட்டேன்" என்றேன். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுபடி இழுத்தேன். ஒரு இருமல். இன்னொரு இழுப்பு. பிடித்துக்கொண்டது! கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. மலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பெருமையாக மீசையைத் தடவினேன். கொஞ்ச நேரம்தான். எஞ்சின் ஒரு மாதிரி இழுத்து இழுத்து முனகி, நின்றுவிட்டது.

மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மூடினேன். இழுத்தேன். உடனே ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. துவாரத்தில் மிச்சப் பிசின் போய் அடைக்கிறது என்று முடிவு கட்டினேன். கார்புரேட்டரை மறுபடி பிரித்தேன், கழுவினேன், மாட்டினேன். ஓடியது. நின்றது. சாயங்காலம் வரைக்கும் இதே கதை. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படாமல், சுத்தமாக இருந்ததையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்குக்குத் தள்ளிக்கொண்டு போனோம். செக்ரட்டரி வாக்கிங் ஷூவோடு நின்றிருந்தார். ரிட்டயர்டு ஆனவர், எல்லாவற்றையும் ஆபீஸ் மாதிரியே நடத்துகிறவர்.

"ஏம்மா, இத பொம்பள தள்ள முடியுமா?"

"கம்பெனில நான் தள்ற பொட்டி இத விட கனம் சார்."

"தம்பி இன்ஜினியரா?"

"டிப்ளமா சார்."

"ம்..." என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மலர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். நேராகப் போனாள். உன்னைப் போலவே திரும்பும் இடத்தில் முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கித் திருப்பினாள். எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. இரண்டாவது வரிசையில் மெஷின் முனகி நின்றது.

"நான் இன்னொரு ரவுண்டு வாக்கிங் போய்ட்டு வரேன். அதுக்குள்ள ஓடுதான்னு பாருங்க. இல்லன்னா வேற ஆளு சொல்லி வெச்சிருக்கேன்" என்று செக்ரட்டரி நடையைக் கட்டினார்.

நான் கார்புரேட்டரைப் பிரிக்க ஸ்பேனரை எடுத்தேன். மலர் வேப்பமரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு அங்கதான் உக்காருவாரு. ரெண்டு வரிச போவாரு, மெஷினு நிக்கும். ரெஸ்ட் கேக்குது மலரு, உட்டுடுன்னுவாரு. மரத்தடில உக்காந்துட்டு அப்பறம் இழுத்தா ஓடும்." கொஞ்சம் நிறுத்தி, "மெஷினுக்கு ஏதுண்ணா ரெஸ்ட்டு? அவருக்குத்தான் முடியல. அவரே மெஷின நிறுத்திட்டு, அத சாக்கு சொல்லிக்குனு உக்காந்தாரு. சோறு குடுக்க வந்த நானு பாத்துக்குனே நின்னேன். எனக்கு அது தெரியலியே" என்றாள்.

மார்கழியில் ஒருநாள் நீ அந்த மரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் என்றார் டாக்டர். 'உடம்பு சொல்லுச்சி, அவன் கேக்கல' என்று ஊரே பேசியது. அதைக் கேட்டுக்கொண்டே மலர் ஒன்றரை வருஷம் இருந்திருக்கிறாள். தார்ப்பாயை யாரும் தொடாததற்கு அதுதான் காரணம் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

ஆனால் என் புத்தி வேறு ஒரு இடத்தில் போய் நின்றுவிட்டது. திட்டாதே, நான் அப்படித்தான்.

"இரும்மா. அவன் இருக்கும்போதே மெஷின் இப்படி நின்னுச்சா?"

"ஆமாண்ணா."

"வாங்கின நாள்லேர்ந்தா?"

"இல்ல. மொதல்ல நல்லாத்தான் ஓடிக்குனு இருந்துது. அந்த ஆயுத பூஜைக்கு அப்பறந்தான்."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அப்படியானால் இது சும்மா கிடந்ததால் வந்த கோளாறே இல்லை. பிசினும் குளவியும் பின்னால் வந்தவை. இது அவற்றுக்கு முந்தியது. பூஜையில் மெஷினுக்கு என்ன செய்தோம்? கழுவினோம். பூ வைத்தோம். பொட்டு...

டேங்க் மூடியில் கையை வைத்தேன். இந்தத் தடவை அவசரப்படாமல், காதைப் பக்கத்தில் வைத்து, மெதுவாகத் திருகினேன். 'ஸ்ஸ்ஸ்' என்று மூடி காற்றை உள்ளே உறிஞ்சியது. நேற்றெல்லாம் எத்தனை தரம் திறந்தேன், ஒரு தரமாவது கேட்டேனா!

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது அடைத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் இறங்காது, எஞ்சின் நின்றுவிடும். சும்மா விட்டால் எங்கோ இடுக்கு வழியாகக் காற்று மெல்ல உள்ளே கசியும், மறுபடி ஓடும். அதாவது, ரெஸ்ட் கொடுத்தால் ஓடும். நீ பார்த்தது நூற்றுக்கு நூறு சரி. சொன்ன காரணம்தான் தப்பு. அந்த ஓட்டை மேல்தான் நீ பசை போட்டுக் குழைத்த சந்தனத்தை, கட்டைவிரலால், கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்பினாய். ஒன்றரை வருஷம் பெட்ரோல் ஆவியாகாமல் கிடந்ததும் உன் பொட்டின் புண்ணியம்தான்.

மலரிடம் சொன்னேன். "சொரண்டி எடுக்கணும்மா. வேற வழியில்ல." அவள் புடவைத் தோளில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தாள். மூடியை என் கையிலிருந்து வாங்கி, குங்குமத்தின் நட்டநடுவில் ஊசியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறக்கினாள். அடிப்பக்கத்தில் ஊசி முனை எட்டிப் பார்த்தது. உன் ரேகை அப்படியே இருந்தது. நடுவில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம்.

செக்ரட்டரி ரவுண்டு முடித்து வந்தபோது மலர் பார்க்கின் மறுகோடியில் திரும்பிக்கொண்டிருந்தாள். அவர் நின்று பார்த்தார். மெஷின் நிற்கவில்லை. கடைசியில், "ஓரத்துல அந்த பெஞ்சுக்கு அடில வுட்டுட்டியே, அதையும் எடுத்துடும்மா. நாளைலேர்ந்து நீயே வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலர் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். புடவை ஓரமெல்லாம் புல். நான் ஸ்பேனர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்ப மெஷினு நெஜமாவே நின்னுச்சி, இல்லண்ணா?"

"நெஜமா."

"அவரு பொய் சொல்லல?"

கேட்ட கேள்விக்கு முழு விடை சொல்லிவிடுகிற வியாதி எனக்கு உண்டு என்று உனக்குத் தெரியும். முழு விடை இது: மெஷின் நின்றது நிஜம். அதனால் உனக்கு உடம்பு நன்றாக இருந்தது என்று ஆகிவிடாது. இரண்டு கோளாறு ஒரே சமயத்தில் இருக்கலாம். இந்த மெஷினிலேயே நேற்று நாலைந்து ஒன்றாகக் கிடந்தன. ஒன்று இன்னொன்றை மறைக்கும். அதுவும் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"சொல்லலம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பெஞ்சுக்கு அடியில் விட்டுப்போன புல்லை வெட்டப் போனாள். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நான் சொன்னது பொய்யில்லை. பாதிதான், அவ்வளவே. மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. பஸ்ஸிலும் ஷிப்டிலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அந்த ஓட்டை அடைக்காமல் இருந்திருந்தால் மெஷின் நின்றிருக்காது. மெஷின் நிற்காவிட்டால் நீ உட்காரவே மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் வரிசைக்கு வரிசை அது உன்னைப் பிடித்து மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் மார்கழி வரைக்கும் வந்திருப்பாயா, அதற்கு முன்னாலேயே விழுந்திருப்பாயா? எந்த ஸ்பேனரைப் போட்டும் இதைத் திறக்க முடியவில்லை. ரெஸ்ட் கேட்டது மெஷின்தான் என்று மலரிடம் சொல்லிவிட்டேன். நீயும் கேட்டாயா என்பதை உன்னிடம் மட்டும்தான் கேட்க முடியும்.