காய்ச்சல் என்று எழுதித் தர மாட்டேன்

என் மகளுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் உடம்பளவில் நலம் என்று உன் அம்மா அடித்துச் சொல்கிறாள், ஆகவே நலம் விசாரிப்பதை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால்தான் "வாயால பேசுனது போதும், எழுதுங்க" என்று உன் அம்மா என்னை மேசை முன்னால் உட்கார வைத்துவிட்டாள். எழுதி முடித்ததும் அவளே படம் பிடித்து உனக்கு அனுப்புவாளாம். கையெழுத்துப் புரியவில்லை என்று தப்பிக்கப் பார்க்காதே, வயரிங் படத்துக்குப் பெயர் எழுதுவது போல நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. உன் தம்பி உன் அறைக்குக் குடிபெயர்ந்துவிட்டான், கேட்டால் "அக்கா இனிமே பெரிய ஆளு, இந்த ரூமுக்கெல்லாம் வர மாட்டா" என்கிறான். அவன் வகுப்பு முழுக்க உன்னுடைய ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறான். உன் அம்மா மாடிக்கு மாடி சொல்லிவிட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் அங்கிருந்த நர்ஸே "உங்க பொண்ணு பேட்டியெல்லாம் எடுக்குதாமே" என்று கேட்டார். இந்த லட்சணத்தில்தான் உன் செய்தி வந்து சேர்ந்தது.

உன் அம்மா பாதி, நீ விம்மலுக்கு நடுவே பாதி சொன்னதை வைத்து நான் புரிந்துகொண்டது இது, தப்பிருந்தால் திருத்து. ஒரு தொழிலாளியைப் பேச வைத்து ஒலிப்பதிவு செய்து வரவேண்டும் என்பது உன் ஊடகப் படிப்பில் முதல் பயிற்சி. நீ பல்கலைக்கழகப் பேருந்து ஓட்டுநரைப் பிடித்தாய். வண்டி நின்றிருந்த நேரம் பார்த்து முன் சீட்டில் உட்கார்ந்து பேச வைத்தாய். அவரும் யாரிடமும் சொல்லாத கதையைச் சொன்னார், அவர் மனைவி ஒரு காலத்தில் அதே தடத்தில் வந்த பயணி, பின்னால் இடம் காலியாக இருந்தாலும் முன்னால்தான் வந்து நிற்பாராம், ஒரு வருஷம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அறைக்கு வந்து பார்த்தால் கருவியில் ஒன்றும் இல்லை. ஏனென்றால் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் அது காத்திருக்கிறது என்று அர்த்தம், விடாமல் எரிந்தால்தான் பதிகிறது. "ஹெட்ஃபோன்ல நல்லா கேட்டுச்சேப்பா" என்கிறாய். கேட்கும், காத்திருக்கும்போதும் கேட்கும். நான் அந்தக் கருவியின் கையேட்டைத் தேடிப் படித்துவிட்டேன், முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறான். முதல் பக்கம் படிக்கக்கூடவா உனக்கு நேரமில்லை?

சரி, அது போகட்டும். புதிதாகக் கருவியைத் தொடுகிற எல்லோரும் செய்கிற தப்பு, அதற்காக யாரும் உன்னைத் தூக்கில் போடப் போவதில்லை. மறுநாள் போய் "அண்ணே, பதியல, மறுபடி சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் கதை முடிந்தது. நீ என்ன செய்தாய்? ஞாபகத்திலிருந்து எழுதி, பக்கத்து விடுதி நாடகத்துறைப் பையனை ஓட்டுநர் மாதிரி பேச வைத்து, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாய். அந்த மகராசன் சும்மா படித்தானா, மழை பெய்ததாகவும் இறங்கும்போது அந்தப் பெண்ணுக்குக் குடை பிடித்ததாகவும் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டான். உன் ஆசிரியை அந்தக் குடையைத்தான் பாராட்டி, துறை விழாவில் எல்லோர் முன்னாலும் போடப்போகிறோம் என்று சொல்லிவிட்டார். ஓட்டுநரையும் அழைத்திருக்கிறார்கள். அவர் புதுச் சட்டை எடுத்துவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவதாக உன்னிடமே சொன்னாராம். இப்போது உனக்குக் காய்ச்சல் என்று நான் ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும், விழாவில் உன் பதிவு விட்டுப்போகும், அப்படியே இந்தப் படிப்பையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வரவேண்டும். அருமையான திட்டம்.

எழுதித் தர மாட்டேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் ஒலிப்பதிவுக்குமா காய்ச்சல் வரும்? நீ இல்லாமலே போட்டுவிடுவார்கள். ஓட்டுநரின் மனைவி அரங்கில் உட்கார்ந்து, தன் புருஷன் பெயரில் எவனோ பேசுவதைக் கேட்பார். "எனக்கு நீங்க குடையே புடிக்கலையே, யாருக்குப் புடிச்சீங்க" என்று வீட்டுக்குப் போய்க் கேட்டால் அந்த மனிதர் என்ன பதில் சொல்வார்? மதிப்பெண், ஆசிரியை, உன் மானம் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். அது அவர்கள் இரண்டு பேருடைய விஷயம், அவர் உன்னை நம்பிக் கொடுத்தது.

எங்கள் வேலையிலும் இந்தக் கில்லாடிகள் உண்டு. கதவு சுவிட்ச் பழுதானால் மாற்றாமல் ஒரு துண்டு வயரைக் குறுக்கே கொடுத்துவிடுவார்கள். லிஃப்ட் ஜம்மென்று ஓடும், கட்டடக்காரர் கையைக் குலுக்குவார். கதவு திறந்திருந்தாலும் அது ஓடும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அப்படி வயர் கொடுத்த ஒருவனைப் போன மாதம்தான் வேலையை விட்டு அனுப்பினேன். பழுதை மறைத்தவனை அனுப்பினேன், பழுது பார்க்கத் தெரியாதவனைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தப் படிப்பு ஒத்து வராது, மற்றவர்களெல்லாம் சொந்தக் கேமராவோடு வந்திருக்கிறார்கள், அவர்கள் பேசுகிற படங்களில் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை என்று புலம்புகிறாய். நீ இதில் சேர்வது எனக்குப் பிடிக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். சேர்க்கை அன்று அந்தக் குமாஸ்தா என்னை உன் அண்ணன் என்று நினைத்து "அண்ணன் கையெழுத்துச் செல்லாதுங்க, அப்பாவை வரச் சொல்லுங்க" என்றபோதுகூட, இதுதான் சாக்கு என்று திரும்பி வந்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். என்னோடு வருஷக்கணக்காக ஒரே லிஃப்ட் கிணற்றுக்குள் நின்று வேலை செய்கிறவன் மனைவி பெயர் எனக்குத் தெரியாது. நீ முன்பின் தெரியாத ஓட்டுநரிடம் போய் உட்கார்ந்தாய், அவர் வாழ்க்கையையே சொல்லிவிட்டார். கேமரா வைத்திருப்பவர்களிடம் அவர் சொல்லியிருப்பாரா என்று யோசி. கருவி பழகிவிடும். ஆகவே வீட்டுக்கு வருகிற பேச்சே வேண்டாம், உன் அறையிலும் இடமில்லை.

முதலில் ஓட்டுநரிடம் போய் நடந்ததைச் சொல், ஆசிரியையிடம் அதற்குப் பிறகு. பையன்மேல் பழியைப் போடாதே, பேசச் சொன்னது நீ. ஓட்டுநர் மறுபடி பேசினால் விளக்கைப் பார்த்துவிட்டுப் பதிவு செய். மாட்டேன் என்றால் கெஞ்சாதே, அவருக்கு அந்த உரிமை உண்டு. அப்படியானால் விழாவில் உன் பெயருக்கு நேராக ஒன்றும் இருக்காது. இருக்கட்டும். நான் லீவு சொல்லிவிட்டேன், உன் அம்மாவோடும் தம்பியோடும் வருகிறேன், ஒன்றும் இல்லாததைக் கேட்க மூன்று பேரும் முன் வரிசையில் உட்காருவோம்.

நேரத்துக்குச் சாப்பிடு, காலையில் வெறும் வயிற்றில் வகுப்புக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். எதையும் மறைக்கத் தேவையில்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும், உன் அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மறந்துவிடாதே, ஓட்டுநரிடம் வண்டி ஓடும்போது சொல்லித் தொலைக்காதே. நிறுத்தி, எல்லோரும் இறங்கிய பிறகு சொல்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
உன் அப்பா