கடிகாரத்தைப் பின்னால் வைத்த ஞாயிறு

பட்டினப்பாக்கம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால் நானும் உன் நைனாவும் இங்கே சுகம். நீ இங்கிலாந்தில் அந்த லீட்ஸில் சுகமாக இருக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்ட பிறகுதான் நம்பினேன், இன்னும் முழுசாக நம்ப மாட்டேன் என்கிறது மனசு. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, சோறு வடித்துவிட்டு உன் போனுக்குக் காத்திருந்தேன். நைட் டூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் பேசுவாயே, அந்த நேரம் வந்து போயும்விட்டது. நான் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். அதற்கு முந்தின வாரம்தான் நீ சொல்லியிருந்தாய், காலையில் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆள் நிற்கிறான், நீ ஏறுகிற பஸ்ஸில் ஏறி நீ இறங்குகிற இடத்திலேயே இறங்குகிறான் என்று. நீ அதைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய், எனக்கு அன்றிலிருந்து மீன் அரியும்போதுகூட முகம் தெரியாத அந்த ஆள்தான் எதிரில் நிற்கிறான். படுத்திருந்த உன் நைனா எழுந்து வந்து, "இன்னாத்துக்கு இப்டி நடுங்கிக்கினு கீற, வேலை லேட்டாயிருக்கும்" என்றார், ஆனால் அவரும் சோற்றில் கை வைக்கவில்லை.

கடைசியில் உன்னோடு வீட்டில் இருக்கிற வடபழனிப் பெண் ஸ்வர்ணலதாவுக்குப் போட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்து, "ஆன்ட்டி, நேத்து ராத்திரி இங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சிட்டாங்க, நைட்ல இருக்கறவங்க ஒரு மணி நேரம் கூட வேலை பாக்கணும், பயப்படாதீங்க" என்றது. உன் நைனாவுக்கு அது ஏறவே இல்லை, "சூரியன் இன்னா கையில வாட்சு கட்டிக்கினா வருது" என்று கேட்டார். சரி, அந்த ஒரு மணி நேரமும் போகட்டும் என்று உட்கார்ந்தோம். அதுவும் போய் இன்னும் நீ பேசவில்லை. நான் மாதா படத்துக்கு முன்னால் விழுந்துவிட்டேன் கண்ணு.

அப்புறம்தான் நீ பேசினாய். போன வாரம் நீ வெளியே வரும்போது மசமசவென்று இருட்டாம், அன்றைக்கு நல்ல வெளிச்சமாம், அதனால் வாசலிலிருந்தே ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பதைப் பார்த்துவிட்டாய், அவன் உன்னைப் பார்ப்பதற்குள் உள்ளே ஓடி செக்யூரிட்டியிடம் சொன்னாய். அவர் போலீசுக்கு போன் போட்டார், போலீஸ் வருவதற்குள் அவன் போய்விட்டான். நீ அழாமல் சொன்னதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கடிகாரத்தை இப்படி மாற்றி மாற்றி வைப்பதில் என்ன லாபம் என்று ஸ்வர்ணலதாவிடம் கேட்டேன். கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னால் தள்ளுவதால் சாயந்திரம் ரொம்ப நேரம் வெளிச்சம் இருக்குமாம். நீ பார்க்கிலிருந்து வெயிலோடு படம் அனுப்பினாயே, ராத்திரிச் சாப்பாட்டு நேரம் என்றாய், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படித் தள்ளின வாரம் தூக்கம் கெட்டு, மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடுவேனோ என்று நீ பயந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது காலைக்கு வெளிச்சம் வந்தது நல்லதுதான், அதுதான் உன்னைக் காப்பாற்றியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது சாயந்திரத்திலிருந்து எடுத்ததுதானே. இனிமேல் டூட்டிக்குப் போகும்போது கும்மிருட்டு. நீ வருகிற நேரத்தைத் தெரிந்துகொண்டவனுக்குப் போகிற நேரம் தெரிய எத்தனை நாள் ஆகும்?

அதனால் சொல்வதைக் கேள். வார்டு சிஸ்டரிடம் கேட்டு, குளிர்காலம் முடியும்வரை பகல் டூட்டி வாங்கிக்கொள். கிடைக்கும்வரை டாக்சியில் போ, செலவைப் பார்க்காதே. போலீஸ் கூப்பிட்டுக் கேட்கட்டும் என்று இருக்காதே, நீயே போய்க் கேள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்காதே.

மாதா உனக்கு முன்னாலும் பின்னாலும் நடந்து வரட்டும், நல்லா இரு. ஒன்றை மறக்காதே, சாயந்திரம் வீட்டை விட்டு இறங்கும்போதே போன் போடு. இங்கே நடுராத்திரி ஆகுமே என்று பார்க்காதே. நான் விடியற்காலையில் மீன் எடுக்கப் போகணும் என்று உன் நைனாதான் விழித்திருந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். வெளியே வந்து கரையில்தான் உட்கார்ந்திருப்பார், அலைச்சத்தம் கேட்கிறவரை அவர் லைனில் இருக்கிறார் என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கிறவரை நீயும் போனை வைத்துவிடாதே.

உன் அம்மா,
ரோஸி ஜான்சன்